ஒன்றுமில்லாத ஊருக்கு நான்கு நாள்

முதல் நாள்: வெண்டோவர், இரவு 9 மணி

சால்ட் லேக் சிட்டியை விட்டுக் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் வீடு, மரம், மலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அப்புறம் சாலை மட்டும்தான். இரண்டு பக்கமும் வெள்ளை. வளைவே கிடையாது. தூங்கிவிடாமல் ஓட்டுவதுதான் இந்த ஐ-80 நெடுஞ்சாலையில் ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே வேலை. அதற்குத் துணையாக என் மாமனார் பக்கத்து இருக்கையில். ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்தவர். மகளுக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. "வீட்டுக்குள்ளயே உக்காந்து என்ன செய்ய, நான் வாரேன் மாப்ள" என்று கிளம்பிவிட்டார். நான் போவது, வெண்டோவரின் பழைய விமானத் தளத்தில் அணுகுண்டை விமானத்தில் ஏற்றிப் பழகிய ஒரு பள்ளத்தைப் பார்க்க.

வழியில் 26 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மரம் நிற்கிறது. கார்ல் மோமன் என்ற சிற்பி 1980-களில் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியது. உச்சியில் இலைக்குப் பதில் கலர் கலராக உருண்டைகள். மாமா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "தென்னையில லட்டு காச்சிருக்கு" என்றார்.

வெண்டோவருக்குக் கொஞ்சம் முன்னால் உப்பு வெளியில் இறங்கி நடக்க ஓர் இடம் இருக்கிறது. போனவில் உப்பு வெளி என்று பெயர். பனியுகத்தில் இங்கே கிடந்த பெரிய ஏரி வற்றிப் போட்டுவிட்டுப் போன அடிவண்டல். தரை பாளம் பாளமாக, ஐந்தும் ஆறும் மூலைகளாக வெடித்து, ஓரங்களில் உப்பு விரலளவு வரப்பு கட்டியிருந்தது. மாமா முப்பது வருடம் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். குனிந்து ஒரு துண்டைப் பெயர்த்து வெயிலில் காட்டிப் பார்த்தார், நாக்கில் வைத்தார், துப்பினார்.

"கசப்பு நிக்குது. கடைசித் தண்ணிய வடிக்காம காய விட்ட உப்பு இது. நம்ம ஊர்ல இத எவனும் வாங்க மாட்டான்."

அவர் சொன்னது சரிதான். இந்த மண்ணடித் தண்ணீரில் பொட்டாஷ் கலந்திருக்கிறது. நெடுஞ்சாலைக்குத் தெற்கே அதைப் பிரித்தெடுக்கும் ஆலையே இருக்கிறது. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. "இம்புட்டு உப்பு கெடக்கு, வார ஒரு ஆளக் காணோமே" என்று கார் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆளைக் காணோம் என்பதுதான் இந்த ஊரின் கதையே. வெண்டோவர் ஒரு ரயில் ஊர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டவாளம் போட வந்தவர்கள், என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு நிறுத்தம் வேண்டும் என்று உண்டாக்கியது. அந்தத் தண்ணீரும் இங்கே கிடையாது. வடக்கே பைலட் பீக் மலையடி ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். 1940-இல் ஊரின் மக்கள்தொகை நூறைச் சுற்றி. அந்த வருடம்தான் அமெரிக்க ராணுவம் குண்டு போட்டுப் பழக இடம் தேடி வந்து, இந்த நூறு பேருக்குப் பக்கத்தில் 140 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலைவனத்தை வளைத்துப் போட்டது. 1942 மார்ச்சில் விமானத் தளம் முறைப்படி இயங்கத் தொடங்கியது.

சூதாட்ட விடுதிகளின் வெளிச்சத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. இந்தப் பக்கம் யூட்டா, கட்டுப்பாடு அதிகம். அந்தப் பக்கம் நெவாடா, எல்லாம் உண்டு. எல்லையைத் தாண்டி நெவாடாப் பக்கத்தில் 19 மீட்டர் உயர நியான் கௌபாய் ஒருவன் கையை ஆட்டிக் கூப்பிடுகிறான். 1952-இலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கிறான். மாமா போகவில்லை. நானும்.

இரண்டாம் நாள்: விமானத் தளம்

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். நுழைவாயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரயில் பாதையைத் தாண்டினால் தளம் வந்துவிடுகிறது. ஓடுபாதை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிறிய விமானங்கள் இறங்குகின்றன. மற்றபடி பலகைச் சுவர் கட்டடங்கள், பெயிண்ட் உரிந்து, வெயிலில் வெளுத்து. 1945-இல் இங்கே 668 கட்டடங்கள் இருந்தன. போர் உச்சத்தில் இருந்தபோது 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நூறு பேர் ஊரில்! தண்ணீர், கக்கூஸ், சோறு எல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று மாமா கேட்டதற்கு, அருங்காட்சியகத்தில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே "சமாளிக்கவில்லை" என்றார். படைவீரர்களை மகிழ்விக்க வந்த நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் இந்த ஊருக்கு "மிச்சம் மீதி" என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் அது ஊர்ப் பெயரோடு எதுகையாக வரும்.

வெண்டோவர் என்றாலே அணுகுண்டு என்றுதான் நானும் நினைத்து வந்தேன். அது கடைசி ஒரு வருடக் கதை. அதற்கு முன்னால் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களுக்கான படைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இருபதுக்கும் மேல், இங்கே வந்து பழகிவிட்டுப் போருக்குப் போயின. இலக்கு வேண்டுமே, என்ன செய்தார்கள்? உப்பையே குவித்து ஒரு நகரம் கட்டினார்கள். இரவுப் பயிற்சிக்கு அதில் மின்விளக்கும் போட்டார்கள். எதிரிப் போர்க்கப்பலின் வடிவமும் உப்பிலேயே. மாமாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உப்புல ஊரு கட்டி, அத உடைச்சிப் பழகினானுவளா" என்று மட்டும் கேட்டார்.

சரி, கடைசி வருடத்துக்கு வருகிறேன்.

1944 செப்டம்பரில் பால் டிபெட்ஸ் என்ற 29 வயது விமானப்படை அதிகாரியைக் கூப்பிட்டு, அணுகுண்டு ஒன்று தயாராகிறது, அதைக் கொண்டுபோய்ப் போட ஒரு படைப்பிரிவை நீ உருவாக்க வேண்டும் என்றார்கள். இடம் பார்க்கச் சொல்லி மூன்று தளங்களைக் காட்டினார்கள்: கான்சாஸில் கிரேட் பெண்ட், ஐடஹோவில் மவுண்டன் ஹோம், யூட்டாவில் வெண்டோவர். அவர் வெண்டோவரை எடுத்தார். பெரிய நகரம் 190 கிலோமீட்டருக்கு அப்பால். வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. குண்டு தவறி விழுந்தாலும் கேட்க நாதி இல்லை. அந்த டிசம்பர் 17-இல் 509-ஆம் கூட்டுப் படைப்பிரிவு இங்கே உருவானது. ஏறக்குறைய 1,800 பேர். எதற்காகச் சேர்ந்திருக்கிறோம் என்பது இங்கே முழுதாகத் தெரிந்தவர் டிபெட்ஸ் மட்டும்தான் என்று சொல்லலாம்.

"இங்கே கேட்டது, இங்கே பார்த்தது, இங்கிருந்து போகும்போது இங்கேயே இருக்கட்டும்" என்ற கருத்தில் ஒரு பலகை அப்போது நின்றது. பலகையோடு விடவில்லை. கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். 1944 கிறிஸ்துமஸுக்குப் படைவீரர்களுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, வழியிலெல்லாம் மாற்றுடையில் ஆள் நிறுத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் சிநேகமாகப் பேச்சுக் கொடுப்பார், எங்கே வேலை, என்ன விமானம் என்று. வாயைத் திறந்தவர்கள் திரும்பி வந்ததும் அலாஸ்காவுக்கு மாற்றல். இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்காவின் இரண்டு கரைகளையும் இணைத்த முதல் தொலைபேசிக் கம்பியின் கடைசி முடிச்சு விழுந்தது இதே வெண்டோவரில்தான், 1914 ஜூன் 17-இல். முப்பது வருடம் கழித்து அதே ஊரில் போனில் பேசவே பயந்தார்கள்.

டிபெட்ஸ் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று எனக்குப் பிடித்தது. வெள்ளை மேலுடுப்பில் வந்துபோகும் விஞ்ஞானிகள் யார் என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். சாக்கடை, கழிவுநீர் பார்க்கும் பொறியாளர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால், அணு விஞ்ஞானி ஒருவர் அடைத்துப்போன குழாயைக் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறாராம். மனைவிதான் கூப்பிட்டிருக்கிறார். மாமா இதற்குச் சிரித்த சிரிப்பில் பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மொழி தேவைப்படவில்லை.

விமானம் பி-29. ஆனால் வழக்கமான பி-29 இல்லை. வால்பக்கத் துப்பாக்கிகளைத் தவிர மற்ற துப்பாக்கிகளையும் கவசத் தகடுகளையும் கழற்றி, மூன்று டன்னுக்கு மேல் எடையைக் குறைத்திருந்தார்கள். பயிற்சியும் விசித்திரமானது. மற்ற படைகள் கூட்டமாகப் பறந்து குண்டுகளைக் கொட்டும். இவர்கள் 30,000 அடி உயரத்தில் தனியாகப் போய், ஒரே ஒரு குண்டைப் போட்டுவிட்டு, உடனே 155 டிகிரி திரும்பி ஓட வேண்டும். எதற்கு இந்த ஓட்டம் என்று விமானிகளுக்கே சொல்லவில்லை. குண்டு கீழே போக 43 விநாடி; அதற்குள் வெடிப்பிலிருந்து தப்பும் தூரம் போயாக வேண்டும் என்பதுதான் கணக்கு. பழகியது பூசணி என்று செல்லப்பெயர் வைத்த பருத்த குண்டுகளில். அளவும் எடையும் அப்படியே அணுகுண்டு, உள்ளே சிமெண்ட், அல்லது சாதாரண வெடிமருந்து.

இப்போது அந்தப் பள்ளம். இதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

ஓடுதளத்தின் ஓரமாகப் போக வேண்டும். நாம் கார் கழுவும் இடங்களில், ஆள் இறங்கி வண்டியின் அடியைப் பார்க்க ஒரு குழி இருக்குமே, அதைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. தரையோடு தரையாக ஒரு சிமெண்ட் குழி. நாகசாகியில் போட்ட ஃபேட் மேன் வகைக் குண்டின் குறுக்களவு ஒன்றரை மீட்டர், எடை நாலரை டன்னுக்கு மேல். பி-29 விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அதை உருட்டிக்கொண்டு போக இடம் பற்றாது. அதனால் குண்டை முதலில் குழிக்குள் இறக்கிவிடுவார்கள். விமானத்தைப் பின்பக்கமாக இழுத்துவந்து, திறந்த வயிறு சரியாகக் குழிக்கு மேல் வரும்படி நிறுத்துவார்கள். பிறகு கீழேயிருந்து நீரியல் தூக்கியால் குண்டை மெல்ல மேலே ஏற்றி, ஒற்றைக் கொக்கியில் மாட்டுவார்கள். பிற்பாடு பசிபிக்கில் டினியன் தீவில் நிஜக் குண்டுகளை ஏற்றியதும் இதே மாதிரிக் குழிகளிலிருந்துதான். இங்கே ஒத்திகை, அங்கே காரியம்.

விளிம்பில் நின்று பார்த்தேன். சிமெண்ட் ஓரம் சில இடங்களில் நொறுங்கியிருக்கிறது. துருக்கறை சுவரில் கோடு கோடாக இறங்குகிறது. விரிசலில் ஒரு முட்செடி. காற்று கொண்டுவந்து போட்ட காகிதக் கோப்பை ஒன்று. அவ்வளவுதான். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று மாமா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து குழியின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். பழக்கதோஷம், பாத்தி அளந்த கால்.

பிறகு குண்டு குறிபார்க்கும் நார்டன் கருவிகளைப் பூட்டி வைத்த கட்டடம் பார்த்தோம், தடித்த சுவர். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானம் நின்ற ஹாங்கர் பார்த்தோம். பி-29 நுழைகிற கதவு என்பதால் அண்ணாந்துதான் பார்க்க முடிந்தது. உள்ளே புறா.

எனோலா கே என்பது டிபெட்ஸின் அம்மா பெயர். விமானம் 1945 ஜூன் கடைசியில் இங்கிருந்து கிளம்பியது. ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9-இல் நாகசாகி. அது பாக்ஸ்கார் என்ற வேறு விமானம், அதே படைப்பிரிவு. அந்த வருட முடிவுக்குள் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் 1,40,000 பேர் அளவுக்கு என்றும், நாகசாகியில் 70,000-க்கும் மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் இயந்திரம் பற்றிய பலகைகள் நிறைய. செத்தவர்களைப் பற்றி எழுதியிருந்தது எனக்குப் போதவில்லை. இடம் அப்படி, விமானம் கிளம்பிய இடம், விழுந்த இடமல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுதாக ஆறவில்லை.

மூன்றாம் நாள்: சாலையில்

இன்று பெரும்பாலும் ஓட்டம்தான். வெண்டோவரிலிருந்து தெற்கே ஈலி, அங்கிருந்து கிழக்கே திரும்பி டெல்டா. மொத்தம் 430 கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோல் போட ஊர் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. தப்பு என்னுடையதே, சூதாட்ட விடுதி வாசலில் இருந்த பங்கில் கூட்டம் என்று தாண்டி வந்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். அது திட்டுவதைவிட மோசம். ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எப்படியோ ஈலி வந்து சேர்ந்தோம்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "வேடிக்கை பார்க்க ஆள் இல்லை" என்று ராணுவத்தின் கணக்கை நானும் அப்படியே ஒப்பித்துவிட்டேன். வெண்டோவருக்குத் தெற்கே ஐபாபாவில் கோஷூட் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கிழக்கே ஸ்கல் வேலியிலும் இருக்கிறார்கள். ரயிலுக்கும் ராணுவத்துக்கும் வெகுகாலம் முன்பிருந்தே இந்த வறண்ட மண்ணில் எந்த விதை எப்போது விளையும் என்று தெரிந்து வாழ்ந்தவர்கள். வரைபடத்தில் வெற்றிடமாக இருந்ததை ஆளில்லாத இடம் என்று படித்துவிட்டார்கள்.

வெண்டோவருக்குத் தென்கிழக்கே டக்வே என்ற ராணுவச் சோதனைக் களம். 1942-இல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது, உள்ளே விடமாட்டார்கள். அங்கே 1943-இல் இரண்டு கிராமங்கள் கட்டினார்கள். ஒன்று ஜெர்மன், இன்னொன்று ஜப்பான். ஜெர்மன் வீடுகளுக்கு எரிக் மெண்டல்சோன் போன்ற, ஜெர்மனியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களின் யோசனை. ஜப்பான் வீடுகளுக்கு அண்டோனின் ரேமண்ட். பல வருடம் ஜப்பானிலேயே இருந்து வீடுகள் கட்டியவர். மரம் அதே மாதிரி இருக்க வேண்டும், தரையில் டாட்டாமிப் பாய் விரித்திருக்க வேண்டும், மேஜை நாற்காலி, துணிமணி எல்லாம் வேண்டும். ஏனென்றால் நேபாம் தீக்குண்டு போட்டால் எது எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்க்க. எரித்தார்கள், அணைத்தார்கள், திரும்பக் கட்டினார்கள், திரும்ப எரித்தார்கள். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவில் போட்டது இந்தப் பரீட்சையில் தேறிய குண்டு. அந்த ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

ரேமண்ட் எப்படி ஒத்துக்கொண்டார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தான் கட்டக் கற்றுக்கொண்ட வீட்டை எரிப்பதற்காகக் கட்டுவது. போருக்குப் பிறகு அவர் ஜப்பானுக்கே திரும்பிப் போய் மறுபடி கட்டடங்கள் கட்டினார் என்பது இன்னும் விசித்திரம்.

டெல்டா வந்து சேர இரவாகிவிட்டது. அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கூடுதல் போர்வை கேட்டு வாங்கி மாமாவுக்குப் போர்த்திவிட்டு இதை எழுதுகிறேன்.

நான்காம் நாள்: டோபாஸ்

டெல்டாவிலிருந்து வடமேற்கே 25 கிலோமீட்டர். கடைசியில் மண்சாலை. டோபாஸ் விமானத் தளம் இல்லை, ஒரு தடுப்பு முகாம். ஆனால் இதுவும் காவல்கோபுரமும் முள்வேலியும் துப்பாக்கி ஏந்திய ராணுவக் காவலருமாக அதே போர்க்காலத்தில், அதே பாலைவனத்தில் எழுந்த இடம். வெண்டோவரிலிருந்து காக்கை பறக்கும் கணக்கில் 180 கிலோமீட்டர் இருக்கலாம்.

1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணைப்படி, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காரர்களை முதலில் டான்ஃபொரான் குதிரைப் பந்தயத் திடலில், குதிரை லாயங்களில் தங்கவைத்துவிட்டு, பிறகு ரயிலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1942 செப்டம்பர் 11-இல் திறந்த முகாம் 1945 அக்டோபர் 31 வரை இருந்தது. ஒரு கட்டத்தில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள். தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஆறு அறை, ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பலகை இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே வந்து சோற்றில் விழும்.

கணக்குப் பண்ணிப் பாருங்கள். டக்வேயில் ஜப்பான் வீடு கட்டிப் பாய் விரித்தபோது இங்கே இவர்கள் இருந்தார்கள். எனோலா கே வெண்டோவரிலிருந்து கிளம்பியபோதும் இருந்தார்கள். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்களில் ஹிரோஷிமா மாவட்டத்துக்காரர்கள் ஏராளம்.

கொட்டகை ஒன்றுகூட இப்போது அங்கே இல்லை. அடித்தளமும் சரளைக்கல் பாதைகளும் கிரீஸ்வுட் புதர்களும்தான். ஒரு கம்பத்தில் கொடி. பாதைகளின் ஓரத்தில் சிறிய கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் கொட்டகை வாசலில் போட்டுக்கொண்ட தோட்டத்தின் மிச்சம். தரையெல்லாம் துருப்பிடித்த ஆணி.

மேற்கு வேலி ஓரம் போனோம். 1943 ஏப்ரல் 11 மாலை ஜேம்ஸ் ஹட்சுவாகி வகாசா என்ற 63 வயதுக்காரரைக் கோபுரத்திலிருந்து காவலர் சுட்டுக் கொன்றது இங்கேதான். சுட்டவர் ராணுவ நீதிமன்றத்தில் விடுதலையானார். வகாசாவின் கூட்டாளிகள் அவர் விழுந்த இடத்தில் ஒரு பெரிய கல்லை நட்டார்கள். எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் எடுக்கவில்லை, அங்கேயே புதைத்துவிட்டார்கள். 2021-இல் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படித் தோண்டலாம் என்று முகாமில் இருந்தவர்களின் குடும்பங்கள் கோபப்பட்டன. கல் இப்போது டெல்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திரும்பும்போது மாமா பின்தங்கிவிட்டார். பார்த்தால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறார். பீங்கான் தட்டின் சில்லு. உள்ளங்கையில் பாதி அளவு. ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"எதையும் எடுக்கக் கூடாது மாமா, போர்டு போட்டிருக்கு."

"எடுக்கல. பாத்தேன்."

வைப்பதற்கு முன், அது கிடந்த அச்சு மண்ணில் தெரிகிறதா என்று தேடினார். தெரிந்தது. கோடு இருந்த பக்கம் கீழே போகும்படி, அந்த அச்சிலேயே பொருத்தி வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வண்டிய எடுங்க மாப்ள, பெட்ரோல் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. சால்ட் லேக் சிட்டிக்கு இரண்டரை மணி நேரம்.